திரையை விலக்கிய மருத்துவர்

2016-ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் நம் நாட்டுக்கு மூன்று தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. அன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் படிவம் ஒன்று மாணவன். இப்போட்டி எங்கே தொடங்கியது, யார் தொடங்கினார் என்று நான் அன்று நினைத்துப் பார்க்கவில்லை. அதைத் தொடங்கியவர் விளையாட்டு வீரர் அல்லர். முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஒரு மருத்துவர். அவர் பெயர் லுட்விக் குட்மன். அந்தப் பெயரைத் தேடிப் படிக்க வைத்தவர் என் மாமா.

நான் படிவம் நான்கில் இருந்தபோது, அம்மாவின் தம்பியான மாமா இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில் விபத்துக்குள்ளானார். முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். கூடத்தின் மூலையில் கட்டில் போட்டோம். வருவோர் போவோர் பார்த்து அவர் மனம் வருந்தக்கூடாது என்று எண்ணி, கட்டிலைச் சுற்றி ஒரு திரை கட்டினோம். ஆணி அடித்துக் கட்டியவன் நான்தான்.

மூன்று வாரங்களில் மாமாவின் இடுப்பின் பின்புறம் ஐம்பது காசு அளவில் ஒரு புண் தோன்றியது. அவருக்கு வலிக்கவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தபோது அஃது ஆழமாகிவிட்டது. மீண்டும் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே ஒரு மூத்த தாதியர்தான், இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கும் எனக்கும் செய்து காட்டினார். இவ்வளவு எளிய ஒன்றை முன்பே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்ற கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது. பல்கலைக்கழகம் வந்தபின், அந்த விதியை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர் யார் என்று தேடினேன். அப்படித்தான் குட்மனை அறிந்தேன்.

சுரங்கத் தொழிலாளியின் மரணம்

குட்மன் 1899-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள், அன்று ஜெர்மனியின் பகுதியாக இருந்த டோஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. 1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, கோனிக்ஸ்ஹுட்டே நகரில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனையில் தொண்டூழியராகச் சேர்ந்தார். ஒருநாள் முதுகெலும்பு முறிந்த இளந்தொழிலாளி ஒருவரைக் கொண்டு வந்தனர். அவரை மாவுக்கட்டில் கிடத்தி, மற்ற நோயாளிகளிடமிருந்து மறைக்கும்படி சுற்றிலும் திரை வைத்தனர். குட்மன் குறிப்பெழுத முற்பட்டபோது, சில வாரங்களில் இறக்கப்போகிறவருக்குக் குறிப்பு வேண்டாம் என்று மூத்த மருத்துவர் தடுத்துவிட்டார். ஐந்து வாரங்களில் அந்த இளைஞர் இறந்தார். பதினெட்டு வயதில் கண்ட அக்காட்சி குட்மனின் நினைவை விட்டு அகலவே இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் கூடத்துத் திரைதான் கண்முன் வந்தது.

அவர் இறந்தது முறிந்த எலும்பினால் அன்று. நரம்புத் தொடர்பு அறுந்தவருக்கு வலி தெரியாது. ஆகவே அவர் புரண்டு படுப்பதில்லை. ஒரே இடத்தில் எடை அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும். சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சிறுநீரகம் வரை ஏறும். இவ்விரண்டு வழிகளிலும் நஞ்சு இரத்தத்தில் கலந்து உயிரைக் குடிக்கும். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் இவ்வாறே மாண்டனர். தடுக்கக்கூடிய சாவை மருத்துவர்கள் விதி என்று எண்ணிவிட்டனர்.

அகதியாக வந்த அறிஞர்

குட்மன் 1924-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிரெஸ்லாவ் நகரில் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மேதையிடம் பயின்று உயர்ந்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதால் அவர் பதவியை இழந்தார். அந்நகரின் யூத மருத்துவமனையில் சேர்ந்து, பின்னர் அதன் இயக்குநரானார்.

1938 நவம்பர் 9 இரவு யூதர்களின் வீடுகளும் வழிபாட்டு இல்லங்களும் தாக்கப்பட்டன. அன்று, யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் அனுமதிக்குமாறு தம் ஊழியர்களுக்கு அவர் ஆணையிட்டார். மறுநாள் இரகசியக் காவலர்கள் வந்து ஒவ்வொரு படுக்கையாக விசாரித்தனர். குட்மன் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கூறி வாதாடினார். 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினர். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் மனைவியுடனும் இரண்டு குழந்தைகளுடனும் இங்கிலாந்தில் அகதியாகக் குடியேறினார். ஆக்ஸ்ஃபோர்டில் சில ஆண்டுகள் ஆய்வாளராகவே காலம் கழிந்தது.

ஸ்டோக் மாண்டவில்

ஐரோப்பாவில் பெரும் படையெடுப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, அடிபட்டு வரும் வீரர்களுக்காக ஒரு முதுகுத்தண்டுச் சிகிச்சைப் பிரிவை அமைக்க விரும்பியது. அப்பொறுப்பு குட்மனைத் தேடி வந்தது. தம் விருப்பப்படி நடத்தும் முழு உரிமை வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் ஏற்றுக்கொண்டார். 1944 பிப்ரவரி 1-ஆம் நாள், எயில்ஸ்பரி நகருக்கு அருகில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அப்பிரிவு திறக்கப்பட்டது.

அங்கே புதுமையான மருந்து ஒன்றும் இல்லை. மாவுக்கட்டுகளை அகற்றினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை நோயாளிகளைப் புரட்டச் செய்தார். நள்ளிரவில் சொல்லாமல் வந்து, அது நடக்கிறதா என்று தாமே பார்ப்பார். சிறுநீர்க் குழாய் செலுத்தும் வேலையைக் கிருமி அண்டாத முறையில் மருத்துவர்களே செய்யவேண்டும் என்று விதித்தார். ஆய்வையும் அவர் கைவிடவில்லை. முதுகுத்தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்பதை, விட்டரிட்ஜ் என்ற அறிஞருடன் சேர்ந்து 1947-இல் விளக்கி எழுதினார். இன்றும் தாதியர் முதலில் கவனிக்கும் ஆபத்துகளில் அஃதும் ஒன்று.

இத்துறையில் அவர் மட்டுமே முன்னோடி என்று கூற முடியாது. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் டொனால்ட் மன்ரோ என்ற மருத்துவர் 1930-களிலேயே இதே வழியில் உழைத்தார். ஆனால், உயிர் பிழைத்தவர் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வியைச் சிகிச்சையின் நடுவே வைத்ததுதான் குட்மனின் தனிச்சிறப்பு. நோயாளிகளுக்குத் தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு ஆகியவற்றைக் கற்பித்தார். அவர்கள் ஊதியம் பெற்று வரி செலுத்தும் குடிமக்களாகத் திரும்ப வேண்டும் என்பதே அவரது இலக்கு. அவர் முன்கோபி, பிடிவாதக்காரர். எழ மறுத்தவர்களை அதட்டி எழுப்புவார். ஆயினும் அந்த நோயாளிகளே அவரை அப்பா என்று பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தனர்.

1948 ஜூலை 29-ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அவர்களில் இருவர் பெண்கள். வில்லை இழுப்பதால் தோளும் கையும் உறுதி பெறும்; நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் பலமும் வரும். அதாவது, அந்த விளையாட்டும் சிகிச்சையே. 1952-இல் நெதர்லாந்து வீரர்கள் வந்தனர். 1960-இல் ரோமில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் போட்டியிட்டனர். அதையே முதல் பாராலிம்பிக் என்று இன்று கணக்கிடுகிறோம். குட்மனுக்கு 1966-இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1980 மார்ச்சு 18-ஆம் நாள் அவர் காலமானார்.

திரைக்கு வெளியே

குட்மன் யாரையும் நடக்க வைக்கவில்லை. அறுந்த முதுகுத்தண்டை முழுமையாக ஒட்டவைக்கும் சிகிச்சை இன்றும் நம்மிடம் இல்லை. ஆராய்ச்சிகள் தொடர்கின்றன. மாமாவும் நடக்கவில்லை. தொடக்கத்தில் எனக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. குட்மனைப் படித்த பிறகு என் அளவுகோல் மாறியது.

புண் ஆற ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆயின. அக்காலத்தில் எங்கள் வீட்டு அலாரம் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அடிக்கும். அம்மா ஒரு முறை, நான் ஒரு முறை எழுவோம். சலித்துக்கொண்டே எழுந்த இரவுகளும் உண்டு. ஒருநாள் காலையில் மாமா, அந்தத் திரையைக் கழற்றிவிடுமாறு என்னிடம் சொன்னார். தமக்கு எல்லோரையும் பார்க்க வேண்டும் என்றார். கழற்றினேன். இன்று அதே கூடத்தில் மேசை போட்டுக் கைப்பேசிகளைப் பழுதுபார்க்கிறார். எங்கள் தாமானில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள்.

பேரவை நண்பர்களே, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் கலை இரவில் நான் மேடையேறினேன். மாமாவை நான் அழைக்கவில்லை. மண்டபம் இரண்டாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. அவரிடம் தேதியைக்கூடச் சொல்லவில்லை. வீட்டுத் திரையைக் கழற்றிய நானே, வேறொரு திரையைக் கட்டிவிட்டேன். மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த செயற்குழுவில் நானும் இருந்தேன். நாற்காலி எத்தனை, ஒலிபெருக்கி எங்கே என்று கேட்ட நாங்கள், படிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த செயற்குழு மண்டபம் தேடும்போது அக்கேள்வியை முதலில் கேட்கட்டும். தரைத்தளத்தில் ஓர் இடம் கிடைத்தால் போதும். முன்வரிசையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு, அவ்விடத்தைக் காலியாக வையுங்கள். மாமா தம் நாற்காலியோடு வருவார்.