மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியவர்

ராசிங்காபுரத்தில் எந்தத் தெருவில் நின்று மேற்கே நோக்கினாலும் மலை ஒரு சுவரைப் போல நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அச்சுவரின் உச்சியில் கருமேகம் வந்து அமரும். போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் பழம் எடுக்கச் செல்லும் நம் தாய்மார்கள் மாலையில் நனைந்த சேலையோடு ஜீப்பிலிருந்து இறங்குவார்கள். இங்கோ வாசலில் காயப் போட்ட மிளகாய் வற்றலில் ஒரு துளி ஈரம் இராது. மழையை மலை தடுத்துக் கொள்கிறது. தடுத்த மழையெல்லாம் ஆறாகி மேற்கே போய் அரபிக் கடலில் கலக்கிறது. தோழியரே, இதைச் சிறு வயது முதல் கண்டு பழகிய நாம், இதை ஒரு குறையாக எண்ணி உழைத்த ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

இவர் பொறியாளர் என்பதை யாவரும் அறிவர். இவர் ஒரு போர்வீரர் என்பதையும், போரில் தந்தையை இழந்த பிள்ளை என்பதையும் நம்மில் பலர் அறியோம். நூலகத்தில் தேடிப் படிக்கும் வரை நாங்களும் அறிந்திருக்கவில்லை.

1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனா நகரில் ஜான் பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் பென்னிகுவிக். ஆங்கிலேயப் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் ஜீலம் நதிக்கரையை அடுத்த சிலியன்வாலாவில் சீக்கியப் படையோடு கடும் போர் நடந்தது. அதில் தந்தையார் வீழ்ந்தார். அதே படையில் பணியாற்றிய மூத்த மகன் அலெக்சாண்டருக்கு அப்போது வயது பதினேழு. தந்தையின் உடலை விட்டு நகராமல் காவல் நின்ற அந்த இளைஞனும் அங்கேயே கொல்லப்பட்டான். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாட்களே இருந்தன. ஒரே நாளில் கணவனையும் தலைமகனையும் பறிகொடுத்த அந்தத் தாய் மற்றப் பிள்ளைகளை எவ்வாறு வளர்த்து ஆளாக்கினார் என்பதை எண்ணும்போது நமக்குக் கண் கலங்குகிறது. வரலாற்று நூல்கள் தளபதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இத்தகைய தாய்மாருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

ஜானும் படிப்பு முடித்துப் படைக்கே வந்தார். லண்டனுக்கு அருகே அடிஸ்கோம்பில் இருந்த இராணுவக் கல்லூரியில் பயின்று, 1858-ல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 1860-ல் இந்தியாவுக்கு வந்தார்.

அவர் கலந்து கொண்ட போர் 1867-68-ல் அபிசீனியாவில், அதாவது இன்றைய எத்தியோப்பியாவில் நடந்தது. அந்நாட்டு மன்னர் தெவோத்ரோஸ் சிறை வைத்திருந்த ஐரோப்பியரை மீட்க ராபர்ட் நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து பெரும்படை கப்பலேறியது. பொறியாளர் படைக்கு அங்கே சுடுவதைவிடக் கட்டுவதே பெரிய வேலை. செங்கடல் கரையில் இறங்குதுறை கட்டினார்கள்; இருப்புப் பாதை போட்டார்கள்; குடிக்க நன்னீர் கிடையாததால் கடல்நீரைக் காய்ச்சி வடித்துப் படைக்கு ஊற்றினார்கள். பிறகு பீரங்கிகளை யானைகள் மீது ஏற்றிக்கொண்டு நானூறு மைல் மலைப்பாதையில் மக்தலா கோட்டை வரை நடந்தார்கள். அப்போரில் பணியாற்றியதற்கான பதக்கமும் ஜானுக்குக் கிடைத்தது. ஒரு குடம் தண்ணீருக்கு என்ன விலை என்பதை அந்த வறண்ட கரையில் அவர் கற்றிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

திரும்பி வந்தவர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் உழைத்தார். 1879-ல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்னும் நங்கையை மணந்தார். ஐந்து பெண்களும் ஓர் ஆணுமாக ஆறு மக்கள் பிறந்தனர்.

இனி ஆற்றின் கதைக்கு வருவோம். பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுவிக்கிற்கு முதலில் தோன்றியது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார். செலவுக்குப் பொருள் இல்லாததால் அத்திட்டம் நின்றது. 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி ஆராய்ந்து, இது நடவாத கனவு என்று அறிக்கை கொடுத்தார். 1850-ல் ஒரு சிறு வேலை தொடங்கிக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. பின்னர் ரைவ்ஸ் என்ற அதிகாரி மண் அணை ஒன்றுக்குத் திட்டம் தீட்டினார். தாளில் இருந்த திட்டத்தை உலுக்கி எழுப்பியது 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமையில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்த பிறகே அரசாங்கம் விழித்துக் கொண்டது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு மேஜர் பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் மண் அணையை விலக்கிவிட்டு, தன் கனத்தாலேயே வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் கல் அணையை வரைந்தார். இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அணையின் மதகைத் திறந்து நமக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்றே நாங்களும் நினைத்திருந்தோம். உண்மை வேறு. அணை செய்வது ஆற்றை உயர்த்துவது மட்டுமே. உயர்ந்த நீர் பின்னோக்கித் தேங்கித் தேங்கி, தேக்கடிப் பக்கம் உள்ள பள்ளத்தில் ஏறி நிற்கும். அங்கே மலையின் முதுகில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து வழி செய்தார்கள். அவ்வழியே கிழக்குச் சரிவில் இறங்கும் நீர் சுருளியாற்றோடும் முல்லையாற்றோடும் சேர்ந்து வைகைக்குப் போய், பேரணையிலிருந்து கால்வாயாகப் பிரிந்து மேலூர் வரை பாய்கிறது. அணை ஓரிடம், வாசல் வேறிடம்! தேக்கடிக்குச் சுற்றுலா சென்றவர்கள் ஏரி நடுவே கரிய மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை நீர் ஏறியபோது நின்றபடியே பட்டுப்போன காட்டு மரங்கள்.

1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தானது. 1887-ல் வேலை தொடங்கிற்று. சாலை கிடையாது, ஊர் கிடையாது, யானையும் காட்டெருமையும் உலவும் காடு. சென்னைப் பயனியர் படையின் சிப்பாய்களும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்களும் ஆற்றைத் தடுக்கும் தற்காலிக அணைகளை எழுப்பினர். வெள்ளம் வந்து அடித்துப் போயிற்று. மறுபடியும் எழுப்பினர், மறுபடியும் வெள்ளம் கொண்டு போயிற்று. ஆண்டில் சில மாதங்களே ஆற்றுப் படுகையில் இறங்கி வேலை செய்ய முடியும். மழை வந்துவிட்டால் அதுவரை கட்டியது நிற்குமா என்று கரையிலிருந்து பார்த்திருக்க வேண்டியதுதான். சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் பொடியும், கல்லும் சேர்த்துக் கட்டிய அணை இது. பொருள்களைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வண்டியிலும், கம்பிக் கயிற்றுப் பாதையிலும், பின்பு படகிலுமாக மலைக்குக் கொண்டு போனார்கள்.

காய்ச்சலும் வாந்திபேதியும் வெள்ளத்தைவிடக் கொடியவையாக இருந்தன. நோயால் மட்டும் 483 பேர் மடிந்ததாகக் கணக்கு உண்டு. அணைக்கு வடக்கே அவர்களுக்கென ஓர் இடுகாடே இருக்கிறது. பெரிய உத்தியோகத்தரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கல் சுமந்தவர்கள் இன்னார் என்று நமக்குத் தெரியாது. அவர்களில் நம் பள்ளத்தாக்கின் ஆண்களும் பெண்களும் இருந்திருப்பார்கள். இந்தக் கட்டுரைக்காகப் படித்துக் கொண்டிருந்தபோது நவம்பர் மாதம் வந்தது. கல்லறைத் திருநாளன்று இறந்த ஆன்மாக்களுக்காகச் செபித்தபோது இவர்களையும் நினைத்துக் கொண்டோம்.

1895 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையின் நீரைத் திறந்து வைத்தார். அணையின் உயரம் 176 அடி. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. அவ்வாண்டே பென்னிகுவிக்கிற்கு சி.எஸ்.ஐ. பட்டம் அளிக்கப்பட்டது.

இங்கே ஒரு கதையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அரசு பணம் தர மறுத்தபோது பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று, தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். மேடைகளிலும் இதைக் கேட்கிறோம். இதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்று ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். அணைக்கான பணம் சென்னை மாகாண அரசின் கருவூலத்திலிருந்து வந்தது. இதை எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு வாரம் விவாதம் நடந்தது. எழுதினால் வீட்டில் பெரியவர்கள் வருந்துவார்களே என்றனர் சிலர். நன்றியுள்ள மக்கள் அன்பினால் சேர்த்த கதை அது என்று நாங்கள் கருதுகிறோம். சிறு வயதில் தந்தையைப் போரில் இழந்த ஒருவர், நாற்பது வயதுக்கு மேல் காட்டில் கூடாரம் அடித்து, அடித்துச் செல்லப்பட்ட அணையைத் திரும்பத் திரும்பக் கட்டினார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. அது போதாதா? நகையை விற்றிருந்தால்தான் அவரை மதிப்போம் என்பது சரியாகுமா?

1896-ல் இந்தியாவை விட்டுச் சென்ற அவர், இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் இருந்த அரச இந்தியப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக 1899 வரை இருந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றிக் குவீன்ஸ்லாந்து அரசுக்கு யோசனை கூறினார். 1911 மார்ச் 9-ஆம் நாள் கேம்பர்லி என்ற ஊரில் தம் இல்லத்தில் காலமானார், வயது எழுபது. அருகிலுள்ள ஃப்ரிம்லி என்ற ஊரின் புனித பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரே மகனுக்கு அப்போது பள்ளி வயது. தந்தை மறைந்தபோது ஜான் இருந்த வயதைவிடச் சற்றே கூடுதல். அந்த மகன் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியானார்.

அணையைச் சுற்றிப் பின்னாளில் வழக்குகள் எழுந்ததை நாமறிவோம். பாதுகாப்பைக் காரணம் காட்டி 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளை விரிக்க இது இடமன்று. மலைக்கு அப்பாலும் நமக்கு உறவினர் உண்டு; அவர்களின் அச்சத்தையும் நாம் எள்ளலாகாது.

பெரியாற்று நீர் இன்று ஐந்து மாவட்டங்களில் இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. பதினெட்டாம் கால்வாய் வழியாக நம் போடி வட்டத்திற்கும் ஒரு பங்கு வருகிறது. கால்வாய் திறக்கும் நாளில் கண்மாய்க் கரைக்குப் போய் நிற்கும் வழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு உண்டு. இப்போது எங்களையும் அழைத்துப் போகிறார்கள்.

லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-ல் கேம்பர்லியிலும் தமிழக அரசு சிலை வைத்தது. அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால் பாலார்பட்டி மக்கள் அன்று அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண் குழந்தைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயரிடுவதும் உண்டு. எங்கள் பள்ளி பெண்கள் பள்ளியாதலால் வருகைப் பதிவேட்டில் அப்பெயர் இல்லை. தம்பிமார்களைக் கேட்டுப் பார்த்தால் ஒருவராவது அகப்படுவார்.