நம்ம டிப்ளமோக்காரர் ராண்ட்ஜன்

மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் என் தாய்மாமாவுக்கு இரண்டு மாதமாக இடுப்புவலி. முப்பது வருஷமாக உட்கார்ந்து குனிந்தே வேலை. செங்கல்பட்டுக்கு வந்து ஸ்கேன் எடுத்தார். எல்4–எல்5 டிஸ்க் 4 மி.மீ. பிதுக்கம் என்று ரிப்போர்ட் வந்தது. இனி உளியைத் தொடவே முடியாதோ என்று மனுஷன் ஆடிப்போய், மெக்கானிக்கல் படிக்கிறவனாச்சே என்று என்னிடம் நீட்டினார். வெர்னியரில் 0.02 மி.மீ. பார்க்கிற நமக்கு 4 மி.மீ. என்றால் ஜாப் ரிஜெக்ட்தானே! நானும் பயந்துட்டேன். அந்தப் பயத்தில்தான், உடம்புக்குள் பார்க்கும் வித்தையைத் தொடங்கிவைத்தவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845 மார்ச் 27-ல் ஜெர்மனியின் லென்னெப் ஊரில் பிறந்து, ஹாலந்தில் வளர்ந்தார். உட்ரெக்ட் தொழில்நுட்பப் பள்ளியில் யாரோ ஒருவன் வாத்தியாரைக் கேலிப்படம் வரைந்துவிட்டான். அவனைக் காட்டிக்கொடுக்க மறுத்த இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ் போச்சு. நுழைவுத்தேர்வு தேறினால் போதும் என்றது சூரிச் பாலிடெக்னிக். 1868-ல் அங்கே வாங்கினார் மெக்கானிக்கல் டிப்ளமோ! (இந்த வரியை ஹாஸ்டல் முழுக்கக் காட்டினேன்.) அந்தச் சான்றிதழ் இல்லையென்று ஒருகாலத்தில் ஆசிரியப் பணிக்குத் தகுதி தர மறுத்த வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகமே 1888-ல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

அங்கேதான் 1895 நவம்பர் 8 மாலை, கறுப்பு அட்டையால் மூடிய குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது தள்ளியிருந்த ரசாயனத் திரை மினுங்கியது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே. டிசம்பர் 22-ல் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் விழுந்தன. காப்புரிமை வாங்கவில்லை. 1901-ல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு. பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். பணவீக்கத்தில் சேமிப்பு கரைந்து, 1923 பிப்ரவரி 10-ல் மியூனிக்கில் மறைந்தார்.

அவருடைய எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். டிஸ்க் இருக்கும் இடம் வெறும் இடைவெளிதான். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால்வலி வரும் என்று மிக்ஸ்டரும் பாரும் 1934-ல்தான் எழுதினார்கள். டிஸ்கையே காட்டும் எம்.ஆர்.ஐ. 1970-களில் வந்தது. அதில் எக்ஸ்ரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான்.

மாமாவின் டாக்டர் ரிப்போர்ட்டில் வேறொரு எண்ணைத் தேடினார். நரம்புகள் இறங்கும் முதுகெலும்புக் கால்வாயின் முன்பின் அளவு அது. பொதுவாக 15 மி.மீ.க்கு மேல் இருக்கும். 10-க்குக் கீழே போனால் நெருக்கடி. அகலமான கால்வாயில் 4 மி.மீ. பிதுக்கம் சும்மா கிடக்கும். குறுகியதில் அதுவே நரம்பை நசுக்கும். 2015-ல் வெளியான தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாதவர்களிலும் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் உண்டாம்! கால் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ மட்டும் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மாமாவுக்கு அதெல்லாம் இல்லை, கால்வாயும் தாராளம்.

இப்போது கல்லை மேடையில் ஏற்றிவைத்து நின்றபடி செதுக்குகிறார். ஸ்கேன் ஃபிலிம் பட்டறை ஜன்னலில், வெயிலுக்குத் தடுப்பாகத் தொங்குகிறது.