நொடிகள் உணர்த்திய உண்மை

சிறு காயத்திலிருந்து கசியும் குருதி சற்று நேரத்தில் தானே உறைந்து நின்றுவிடுகிறது. உயிர் காக்கும் இந்நிகழ்வு எல்லோருக்கும் இயல்பாக நடைபெறுவதில்லை. அதன் காரணத்தை அறிய உதவும் எளிய சோதனையொன்றை மருத்துவ உலகிற்கு அளித்தவர் ஆர்மாண்ட் ஜேம்ஸ் குவிக்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1894ஆம் ஆண்டு பிறந்த குவிக், முதலில் வேதியியல் பயின்று 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மருத்துவமும் கற்று, 1928இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயை அளந்தறிய வேண்டும் என்னும் நோக்கம் அவர்தம் ஆய்வுகளில் தொடர்ந்து விளங்கியது. கல்லீரலின் செயல்திறனை அளக்கும் சோதனை ஒன்றையும் அவர் உருவாக்கினார்.

அக்காலத்தில், பித்தநாள அடைப்பால் மஞ்சள் காமாலையுற்றோர்க்கு அறுவை மருத்துவம் செய்வது பேரிடராக இருந்தது. அறுவை நன்கு முடிந்த பின்னும் குருதிப்போக்கால் சிலர் உயிரிழந்தனர். யாருக்கு இவ்விடர் நேரும் என்பதை முன்கூட்டியே உணர்த்த, கண்ணாடிக் குழாயில் குருதி உறையும் நேரத்தைக் கணிக்கும் பழைய முறை போதுமானதாக இல்லை.

குவிக் 1935இல் புதுமுறை ஒன்றை வெளியிட்டார். கால்சியத்தைப் பிணைக்கும் உப்பைக் கலந்தால் குருதி உறையாது. அவ்வாறு எடுத்த குருதியிலிருந்து பிளாஸ்மா என்னும் தெளிந்த நீர்மத்தைப் பிரித்தார். முயலின் மூளையிலிருந்து பெற்ற, உறைதலைத் தூண்டும் பொருளையும் கால்சியத்தையும் அதனுடன் சேர்த்து, உறைவு தோன்றும் வரையிலான நொடிகளை எண்ணினார். நலமுடையோரின் பிளாஸ்மா ஏறத்தாழ 12 நொடிகளில் உறைந்தது. காமாலையுற்றோர் சிலருக்கோ அந்நேரம் நீண்டது.

குருதி எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளரின் பிளாஸ்மா, இச்சோதனையில் இயல்பான நேரத்திலேயே உறைந்தது. அந்த இயல்பான விடையும் ஓர் உண்மையை உணர்த்தியது. குருதிப்போக்கு இரு நோய்களிலும் ஒன்றுபோல் தோன்றினும் அடிப்படைக் குறை வெவ்வேறு என்பதே அது. காமாலையில் குறைந்தது, கல்லீரல் உருவாக்கும் புரோத்ராம்பின் என்னும் புரதம் எனக் குவிக் கருதினார். அதே பத்தாண்டில், டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம் வைட்டமின் கே-யைக் கண்டறிந்தார். பித்தநீர் குடலை அடையாதபோது அவ்வைட்டமினை உடல் ஏற்பதில்லை என்பதும் தெளிவாயிற்று. அறுவைக்கு முன் அதனை அளித்து, உறைவு நேரம் சீரடைவதைக் குவிக்கின் சோதனையால் உறுதிசெய்ய முடிந்தது.

புரோத்ராம்பின் குறைவோடு வேறு சில உறைவுக் காரணிகளின் குறைவும் இந்நேரத்தை நீட்டிக்கக்கூடும் எனப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. எனவே, நேரம் நீண்டிருந்தால் கல்லீரல் நோய், வைட்டமின் கே குறைபாடு, உறைவெதிர் மருந்து ஆகியவற்றுள் எது காரணம் என மருத்துவர் ஆராய்கிறார்.

தூண்டுபொருள் மாறினால் நொடிக்கணக்கும் மாறும். அவ்வேறுபாட்டை நீக்க, ஐ.என்.ஆர். என்னும் பொது அளவீட்டை உலக நலவாழ்வு நிறுவனம் 1983இல் ஏற்றது. நலமுடையோர்க்கு அது ஏறத்தாழ 1 ஆகும். வார்ஃபரின் என்னும் உறைவெதிர் மருந்து உட்கொள்வோர் பலருக்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். அளவு மிகுந்தால் குருதிப்போக்கும், குறைந்தால் குழாயினுள் குருதிக்கட்டியும் நேர வாய்ப்புண்டு.

குவிக் 1978இல் மறைந்தார். ஜெர்மனியில் இச்சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓர் எண் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்னும் இரண்டையும் அறிந்தோர்க்கே அது பொருள் தரும் என்பதை அவர்தம் பணி உணர்த்துகிறது.