காந்தத்தில் ஒட்டாத பொருளையும் அளந்தவர்... யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28 வந்தால் சர் சி.வி.ராமன் படம் எல்லா இடத்திலும் வரும். அன்றுதான் தேசிய அறிவியல் தினம். ராமன் விளைவை உலகத்துக்கு அறிவித்த 'நேச்சர்' இதழ்க் குறிப்பில் ராமனோடு இன்னொரு பெயரும் இருந்தது: கே.எஸ்.கிருஷ்ணன். இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்காரர். நோபல் பரிசு கைக்கு வராமல் போனவர் என்றுதான் இவரைப் பலருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு, தனக்கென்று ஒரு துறையை எடுத்து அதில் உலகப் பெயர் வாங்கியவர் இவர். அந்தத் துறை காந்தம்.

வத்திராயிருப்பில் தொடங்கிய பயணம்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கிறது வத்திராயிருப்பு. 1898 டிசம்பர் 4-ல் அங்கே பிறந்தார் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். அப்பா விவசாயி. தமிழும் சமஸ்கிருதமும் நன்றாகப் படித்தவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, அடுத்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்த கல்லூரியிலேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் கிடைத்தது. மதிய இடைவேளையில் மாணவர்களை உட்கார வைத்து அறிவியல் பேசுவாராம். அதைக் கேட்க பக்கத்துக் கல்லூரிப் பசங்களும் வந்திருக்கிறார்கள்.

ஆனா மனசு முழுக்க ஆராய்ச்சியில்தான் இருந்தது. 1920-ல் ராமனைத் தேடி கொல்கத்தாவுக்குக் கிளம்பினார். 1923-ல் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார்.

1928-ல் என்ன நடந்தது?

ஒளி ஒரு திரவத்துக்குள் போய்ச் சிதறும்போது அதன் நிறம் மாறுமா? ராமன் 1921-ல் இருந்தே ஒளிச்சிதறலின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். 1928 தொடக்கத்தில் சோதனை வேலைக்குக் கிருஷ்ணனை இறக்கினார். சூரிய ஒளியை வைத்து ஏறக்குறைய 60 திரவங்களைச் சோதித்தார்கள். அன்றன்று நடந்ததை கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

மார்ச் 31-ல் 'நேச்சர்' இதழில் குறிப்பு வந்தது, இருவர் பெயரிலும். 1930-ல் நோபல் பரிசு வந்தது, ராமன் ஒருவருக்கு மட்டும். நோபல் உரையில் கிருஷ்ணனின் பங்கை ராமன் குறிப்பிட்டார். இருந்தாலும், பரிசில் கிருஷ்ணனுக்கும் இடம் இருந்திருக்க வேண்டாமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

பரிசு அறிவிப்புக்கு முன்பே, 1928 டிசம்பரில், கிருஷ்ணன் கொல்கத்தாவை விட்டுக் கிளம்பிவிட்டார். டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடர் பதவி. அங்கே துறையில் இருந்தவர் சத்தியேந்திரநாத் போஸ். கிருஷ்ணன் கையில் எடுத்தது, ராமனோடு இருந்தபோதே தொட்டுப் பார்த்திருந்த காந்த ஆய்வை.

காந்தம் இரும்பை மட்டும்தான் கவனிக்குமா?

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் ஒட்டும். மரத்தில் ஒட்டாது, செம்பில் ஒட்டாது, தண்ணீரை ஒன்றும் செய்யாது. நம்ம கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் காந்தப்புலத்துக்கு எல்லாப் பொருளும் ஏதோ ஒரு வகையில் பதில் சொல்லும்.

இரும்பு, நிக்கல், கோபால்ட் பலமாக இழுக்கப்படும். இவை ஃபெரோ வகை. அலுமினியம், ஆக்ஸிஜன் போன்றவை மிக லேசாக இழுக்கப்படும். இவை பாரா வகை. தண்ணீர், செம்பு, மரம் எல்லாம் மிக லேசாகத் தள்ளப்படும். இவை டயா வகை. இந்தக் கடைசி வகையில் விசை ரொம்பக் குறைவு. அதனால்தான் நமக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது.

படிகங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு திசையில் ஒரு அளவு, வேறு திசையில் வேறு அளவு. இந்த நுண்ணிய வித்தியாசத்தை அளந்தால் படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்குத் துப்பு கிடைக்கும். ஆனால் எப்படி அளப்பது?

நூலில் தொங்கிய படிகம்

கிருஷ்ணன் பிடித்த வழி எளிமையானது. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரண்டு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்குப் பிடித்த திசையில் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் முனையை மெதுவாக முறுக்க வேண்டும்.

படிகம் சட்டென்று விட்டுக்கொடுக்காது. காந்தப்புலம் அதைப் பிடித்து வைத்திருக்கும். முறுக்கிக்கொண்டே போனால், ஏறக்குறைய 45 டிகிரி திரும்பியதும் பிடி விட்டுப்போய், படிகம் டக்கென்று புரண்டுவிடும். அந்த நொடி வரை இழையை எவ்வளவு முறுக்கினோம் என்று குறித்துக்கொண்டால் போதும், திசைக்குத் திசை உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடலாம். அவ்வளவுதான்.

பி.சி.குகா, எஸ்.பானர்ஜி ஆகியோரோடு சேர்ந்து செய்த இந்த அளவீடுகள் 1933 முதல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தொடராக வெளிவந்தன.

அந்துருண்டையும் பென்சில் முனையும்

இதனால் என்ன லாபம்? பீரோவில் போடும் அந்துருண்டையை எடுத்துக்கொள்வோம். நாஃப்தலீனில் செய்யப்படுவது அது. அதன் மூலக்கூறு இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய தட்டையான தகடு மாதிரி. காந்தப்புலத்தில் வைத்தால் எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றி ஓடும். அதனால் தகட்டுக்குச் செங்குத்தான திசையில்தான் தள்ளுவிசை அதிகம். விசை எந்தப் பக்கம் கூடுகிறது என்று தெரிந்தால், தகடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அன்றைக்கு எக்ஸ்ரே படத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க நீண்ட கணக்கு போட வேண்டும். கிருஷ்ணனின் காந்த அளவீடு அதற்குக் குறுக்குவழி காட்டியது. பென்சீன் வளையம் தட்டையானது என்று எக்ஸ்ரே மூலம் காட்டிய பிரிட்டிஷ் விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேல், 1936-ல் கிருஷ்ணனோடு சேர்ந்து இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

அடுத்தது பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட். அடுக்கடுக்கான கார்பன் தாள்கள் அது. தாளுக்குச் செங்குத்தான திசையில் இதன் டயா காந்தத்தன்மை வழக்கத்தைவிட மிக அதிகம். அந்தத் தாள்களுக்குள் சுதந்திரமாக ஓடும் எலக்ட்ரான்களை வைத்து கிருஷ்ணனும் என்.கங்குலியும் 1941-ல் இதை ஆராய்ந்தார்கள். வலுவான காந்தங்களுக்கு மேல் கிராஃபைட் துண்டு ஒன்று அந்தரத்தில் மிதக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பதும் இதே தள்ளுவிசைதான்.

அங்கீகாரம் வந்தது

1933-ல் ராமன் பெங்களூருக்குப் போனார். கிருஷ்ணன் கொல்கத்தாவுக்கே திரும்பி, பழைய ஆய்வகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946-ல் 'சர்' பட்டம் என்று வரிசையாக வந்தன.

1947-ல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நாட்டின் அளவுகளுக்கெல்லாம் அடிப்படை அளவை வைத்திருப்பதும், நம்ம கடிகாரங்களுக்கு இந்திய நேரம் தருவதும் இன்றைக்கும் இந்த ஆய்வகம்தான். 1948-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்திலும் ஹோமி பாபாவோடு உறுப்பினராக இருந்தார். 1954-ல் பத்ம பூஷண். 1958-ல் முதல்முறையாக வழங்கப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசைப் பெற்றவரும் இவரே.

1961 ஜூனில், 62 வயதில் காலமானார் கிருஷ்ணன். நோபல் பட்டியலில் தேடினால் இவர் பெயர் கிடைக்காது. ஆனால் படிகங்களின் காந்தத்தன்மையை அளக்கும் அந்த இழை முறைக்கு இயற்பியலில் கிருஷ்ணன் - பானர்ஜி முறை என்றுதான் பெயர். டெல்லியில் அவர் கட்டியெழுப்பிய ஆய்வகத்தின் முகவரியும் டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க்.