ஒரு குடம் தண்ணீர், ஒரு பிடி அன்னம்



தென் திருவிதாங்கூரில், இன்று சாமிதோப்பு என்று அன்புக்கொடி மக்கள் கைகூப்பித் தொழும் ஊரில், 1809ஆம் ஆண்டு பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். பனையேறும் குலத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதியார் சீறினார்கள். பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைக்கு ஆசைப்பட்ட பெயரை இடக்கூட உரிமை இல்லாத காலம் அது.

அந்தக் கலியின் கொடுமை வரியிலும் கூலியில்லா ஊழியத்திலும் மட்டும் இருந்ததா? அன்றாட வாழ்வின் சின்னச் சின்னக் காரியங்களிலும் இருந்தது. தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் எடுக்கக் கூடாது, மார்பை மறைக்க மேலாடை போடக் கூடாது. வெயிலுக்குக் குடை இல்லை, காலுக்குச் செருப்பு இல்லை. எதிரே மேல்சாதியார் வந்தால் வழியைவிட்டு விலகி நிற்க வேண்டும். ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் சாதி குறுக்கே நின்றது.

இருபத்துநான்காம் வயதை ஒட்டி முத்துக்குட்டி கடும் நோயில் விழுந்தார். நடக்கவும் முடியாத அவரைத் தாயும் மனைவி திருமாலம்மாளும் உறவினர் துணையோடு திருச்செந்தூருக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அவர் கடலுக்குள் சென்று மறைந்தார். தாய் கரையை விட்டு அகலவில்லை. மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20 அன்று, கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டார். இனித் தாம் ஒரு தாய்க்கு மட்டும் மகன் அல்ல என்று அறிவித்துவிட்டு, தெட்சணம் நோக்கி நடந்தார். அது 1833ஆம் ஆண்டு.

பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டுத் தவம் தொடங்கிற்று. முதல் இரண்டு ஆண்டு குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டு தரையில், கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். செய்தி ஊர் ஊராகப் பரவியது. நோயாளிகள் வந்தார்கள். பிள்ளையில்லாதவர் வந்தார்கள். அடிபட்டவரும் பசித்தவரும் வந்தார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று யாரையும் கேட்டு நிறுத்தவில்லை. தண்ணீரும் திருமண்ணுமே மருந்து. காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம் என்றார் அய்யா. கொடுக்க நினைப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்பதே அவர் காட்டிய வழி.

வந்தவர் நீராட ஒரு கிணறு இருந்தது. அதுவே முத்திரிக் கிணறு. பதினெட்டுச் சாதியாரும் அந்த ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள், குளித்தார்கள், குடித்தார்கள். இன்று பதிக்குச் செல்பவர் அங்கே நீராடும்போது அது ஒரு வழக்கமாகத் தோன்றலாம். அன்றைக்கோ, நேற்றுவரை கிணற்றுப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டப்பட்ட ஒரு பெண், முன்பின் அறியாத ஒருவர் இறைத்த நீரைக் கையேந்தி வாங்கினாள். அந்த ஒரு குடம் தண்ணீருக்குள் எத்தனை தலைமுறையின் தாகம் தணிந்திருக்கும்!

திருநாமத்தையும் அப்படியே வைத்தார். தொட்டாலே தீட்டு என்று சொன்ன நாட்டில், நெற்றியைத் தொட்டு நாமம் சாற்றும் முறையைத் தந்தார். குனிந்தே நடக்கப் பழகிய ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணச் செய்தார். நீர், தொடுகை, தலைத்துணி, அன்னம் ஆகிய இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டாம். எதிரே நிற்பவரும் தம்மைப் போன்ற மனிதர் என்று மனம் ஒப்பினால் போதும்.

இது அரசுக்குப் பொறுக்கவில்லை. சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சியில் அய்யா சிறைபிடிக்கப்பட்டார். அப்போது ஆயர் குலத்துப் பூவண்டர், சாதி வேறானாலும், அய்யாவுக்காக மன்னரிடம் எடுத்துச் சொன்னார். மன்னர் கேட்கவில்லை. ஆயினும் அதிகாரத்தின் முன் ஒருவர் நியாயத்துக்காகச் சொன்ன அந்தச் சொல் வீணாகிவிடவில்லை. அகிலம் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. கொதித்தெழுந்த மக்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு அய்யா சென்றார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் பட்ட துன்பங்களைப் பொறுத்தார். கொல்லம் 1014 மாசியில், அதாவது 1839இல், விடுதலையாகித் திரும்பினார்.

பின்பு எழுநூறு குடும்பத்தாரை வாகைப்பதிக் கடற்கரைக்குத் துவையல் தவசுக்கு அனுப்பினார். பல ஊர்களைச் சேர்ந்தவர்கள் அங்கே அண்டை வீட்டாராகி, கடலில் நீராடி, உடுத்ததைத் துவைத்து, எளிய உணவைப் பகிர்ந்து வாழ்ந்தார்கள். அழைத்த வீடுகளுக்கு அய்யா எழுந்தருளினார். செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய இடங்களில் நிழல் தாங்கல்கள் எழுந்தன. பெயரைப் பாருங்கள். நிழல் தருவதும் தாங்குவதுமே அவற்றின் வேலை. பசித்து வருபவருக்கு அங்கே அன்னம் கிடைத்தது, பிள்ளைகளுக்கு அறிவுரை கிடைத்தது.

கொல்லம் 1016 கார்த்திகை 27 அன்று, தாமரைகுளம் அரிகோபாலன் சீடர் வழியாக அகிலத்திரட்டு அம்மானை எழுத்து வடிவம் பெறத் தொடங்கியது. 1026 வைகாசி 21 அன்று, அதாவது 1851இல், அய்யா வைகுண்டம் எய்தினார். கட்டிய மாளிகை இல்லை, சேர்த்த செல்வம் இல்லை. ஒரு கிணறும், சில தாங்கல்களும், ஒருவரை ஒருவர் அய்யா என்று அழைக்கப் பழகிய மக்களும் இருந்தார்கள்.

அன்புக்கொடி மக்களே, திருஏடு வாசிப்பில் பூவண்டரின் பேச்சு வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஒருவர் செய்த ஒரு நன்மையைக் கண்டு, மறவாமல், தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதும் தர்மத்தின் பகுதியே என்பது அங்கே விளங்கும். இன்றும் அத்தகைய நன்மைகள் கண்ணெதிரே நடக்கின்றன. மாசி ஊர்வலத்தில் நடந்து களைத்தவருக்கு முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீர் நீட்டுகிறார். பேருந்தில் கைக்குழந்தைக்காரிக்கு ஒரு பிள்ளை எழுந்து இடம் விடுகிறான். மருத்துவமனை வாசலில் வழி தெரியாமல் நிற்கும் முதியவரை ஒருத்தி கைபிடித்து அழைத்துப் போகிறாள். இவற்றைப் பார்த்தும் பாராதது போலக் கடந்துவிட வேண்டாம். மாலையில் விளக்கேற்றி உகப்படித்த பின்பு, அன்று கண்ட நன்மை ஒன்றை வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கேட்டு வளரும் பிள்ளை நாளை தானும் செய்யும்.

அடுத்த முறை தாங்கலில் அன்னம் வழங்கும்போது, வாசலோரம் தயங்கி நிற்கும் அந்நியர் யாரேனும் உண்டா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இருந்தால், அவரை அய்யா என்று அழைத்து, முதல் பிடி அன்னத்தை அவருக்கு இடுங்கள்.

அய்யா துணை!