டாக்டர் சார்லஸ் ட்ரூ: தரைவிரிப்புத் தொழிலாளியின் மகன்

மருத்துவராக வேண்டும் என்னும் விருப்பம் நம் உயர்நிலைப்பள்ளி மாணவ மாணவியர் பலருக்கு உண்டு. விருப்பம் கொள்வதற்குப் பொருள் தேவையில்லை. அதை எட்டும் வரையிலான ஆண்டுகளுக்குத்தான் பொருளும் பொறுமையும் வேண்டும். அந்த ஆண்டுகளைக் கடந்த ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். அவர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய அறுவை மருத்துவர் சார்லஸ் ரிச்சர்ட் ட்ரூ.

1904ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் ரிச்சர்ட் வீடுகளிலும் மாளிகைகளிலும் தரைவிரிப்புப் பதிக்கும் தொழிலாளி. அன்னையார் நோரா ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தும் குழந்தைகளை வளர்க்கும் பொருட்டுப் பணிக்குச் செல்லாதவர். மூத்த மகனான சார்லஸ் சிறுவயதிலேயே தெருவில் செய்தித்தாள் விற்றார். 1920ஆம் ஆண்டு அவருடைய தங்கை எல்சி காசநோயாலும் அக்காலத்தில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சலாலும் மாண்டாள். மருத்துவத்தின்பால் அவர் மனம் திரும்பியதற்கு இத்துயரமும் ஒரு காரணம் என்பர்.

அவர் பயின்ற டன்பார் உயர்நிலைப்பள்ளியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளி. ஒதுக்கியவர்களின் நோக்கம் உயர்ந்ததன்று. ஆயினும், உயர் பட்டங்கள் பெற்ற கறுப்பின அறிஞர்களைப் பல்கலைக்கழகங்கள் ஏற்க மறுத்ததால், அவர்களுள் பலர் அப்பள்ளிக்கு ஆசிரியர்களாக வந்தனர். கல்லூரிக்குச் செல்வது எப்படி, எந்தக் கல்லூரியில் உதவித்தொகை கிடைக்கும் என்பனவற்றை அவர்கள் மாணவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தனர். ஒரு பள்ளி செய்யக்கூடிய தொண்டுகளுள் இதனினும் பெரியது வேறில்லை என்பது என் கருத்து.

1922இல் பள்ளிப் படிப்பை முடித்த ட்ரூ, விளையாட்டுத் திறமைக்காகக் கிடைத்த உதவித்தொகையைக் கொண்டு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஏறத்தாழ 600 மாணவர்களிடையே கறுப்பினத்தவர் 13 பேரே இருந்தனர். ஓட்டத்திலும் கால்பந்திலும் அவர் பெரும்புகழ் ஈட்டினார். எனினும் கால்பந்துக் குழுவின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. விளையாட்டில் ஒளிர்ந்த அளவு பாடங்களில் அவர் ஒளிரவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆட்டோ கிளேசர் என்னும் உயிரியல் பேராசிரியரின் பாடங்களே அவரைப் படிப்பின் பக்கம் இழுத்தன.

1926இல் பட்டம் பெற்றார். ஆனால் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லக் கையில் பணமில்லை. இந்த இடத்தை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் மனமொடிந்து வேறு வழி தேடவில்லை. பால்டிமோரிலுள்ள மார்கன் கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் உயிரியல், வேதியியல் ஆசிரியராகவும் இரண்டு ஆண்டுகள் உழைத்துப் பணம் சேர்த்தார். பின்னர் விண்ணப்பித்தபோது, ஆங்கிலப் பாடத்தில் போதிய தகுதி இல்லையென்று ஹோவார்டு பல்கலைக்கழகம் மறுத்தது. ஹார்வர்டு, அடுத்த ஆண்டு வருமாறு கூறியது. காத்திருக்க விரும்பாத அவர் 1928இல் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1933இல் 137 பேர் கொண்ட வகுப்பில் இரண்டாமவராகத் தேறினார். கல்லூரியில் பாடங்களில் பின்தங்கியவர், மருத்துவப் படிப்பில் முன்வரிசைக்கு வந்தார்!

மான்ட்ரியலில் ஜான் பீட்டி என்னும் ஆசிரியரிடம் பயின்றபோது, இரத்தம் ஏற்றும் மருத்துவத்தில் அவருக்கு ஈடுபாடு தோன்றியது. அந்நாளில் சேமித்து வைத்த இரத்தம் சில நாட்களில் கெட்டுவிடும். தக்க நேரத்தில் தக்க வகை இரத்தம் கிடைக்காமல் நோயாளர் பலர் இறந்தனர். 1938இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ட்ரூ, ஜான் ஸ்கடர் என்பாருடன் இணைந்து இரத்தத்தைச் சேமிக்கும் முறைகளை ஆராய்ந்தார். 1940இல் அவ்வாராய்ச்சிக்காக மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினத்தவருள் அப்பட்டம் பெற்றவர் அவரே முதல்வர்.

அதே ஆண்டு இங்கிலாந்தின்மீது ஜெர்மானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. காயமுற்றோரைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிளாஸ்மா அனுப்பும் பெருமுயற்சி தொடங்கியது. பிளாஸ்மா என்பது இரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கியபின் எஞ்சும் திரவம். அதை நெடுநாள் வைத்திருக்கலாம். அந்நாளில் அதை இரத்த வகை பாராது ஏற்றினர். ஆனால் ஒரு துளிக் கிருமி புகுந்தாலும் அத்தனையும் நஞ்சாகும். இப்பணியின் மருத்துவப் பொறுப்பு ட்ரூவிடம் ஒப்படைக்கப்பட்டது. பல மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட இரத்தம் ஒரே முறையில் சோதிக்கப்படவும் பிரிக்கப்படவும் அவர் கண்டிப்பான விதிகளை வகுத்தார். ஏறத்தாழ 15,000 பேர் அத்திட்டத்தில் இரத்தம் தந்தனர். 1941இன் தொடக்கத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அமெரிக்கப் படைக்காக நடத்திய முன்னோடி இரத்த வங்கியிலும் அவர் தலைமைப் பணி ஆற்றினார். இரத்தம் பெற ஊர்தோறும் செல்லும் வண்டிகள் அப்போது பயன்பட்டன.

இனி நிகழ்ந்ததைக் கேளுங்கள். போர்க்கால இரத்த வங்கியைப் பெருமளவில் இயக்கிக் காட்டியவர் கறுப்பினத்தவர். ஆனால் அந்த வங்கி முதலில் கறுப்பினத்தவரின் இரத்தத்தை ஏற்கவே மறுத்தது. கண்டனம் எழுந்தபின் 1942இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றதைத் தனியே குறியிட்டுத் தனியே வைத்தது. இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதை எதிர்த்தே ட்ரூ பதவி விலகினார் என்று பலர் எழுதுகின்றனர். உண்மையில் 1941 ஏப்ரலிலேயே அவர் ஹோவார்டு பல்கலைக்கழகத்துக்கு, ஒருகாலத்தில் தமக்கு இடம் மறுத்த அதே இடத்துக்கு, அறுவை மருத்துவத் துறைக்குத் திரும்பியிருந்தார்; பின்னர் அத்துறையின் தலைவரானார். ஆனால் அவர் வாய்மூடி இருக்கவில்லை. மனித இரத்தத்தில் இனவேறுபாடு உண்டென்பதற்கு அறிவியலில் சான்றே இல்லை என வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

எஞ்சிய ஆண்டுகளை அவர் மாணவர்களுக்கே அளித்தார். ஆராய்ச்சியில் மேலும் புகழ் பெற்றிருக்கலாம். அதை விடுத்து இளம் கறுப்பின மருத்துவர்களை அறுவை மருத்துவத்தில் பயிற்றுவித்தார். 1948இல் அவர் பயிற்றுவித்த முதல் குழுவினர் அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் தேர்வில் சிறப்புறத் தேறினர். அவ்வாரியத்தின் தேர்வாளராக இருந்த ட்ரூவுக்கோ, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வாசல் இறுதிவரை திறக்கவில்லை. வாஷிங்டன் கிளை கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. கிளை வழியாகவன்றிச் சங்கத்தில் சேரவும் இயலாது.

1950 ஏப்ரல் 1ஆம் நாள், அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் ஆண்டுதோறும் நடைபெறும் இலவச மருத்துவ முகாமுக்கு மூன்று மருத்துவர்களுடன் காரில் புறப்பட்டார். முதல்நாள் முழுதும் பணியாற்றிவிட்டு நள்ளிரவு கடந்து கிளம்பிய பயணம். விடிந்தபின் வட கரோலினாவில் கார் ஓட்டிய நிலையிலேயே கண்ணயர்ந்துவிட, கார் கவிழ்ந்தது. வெள்ளையர் மருத்துவமனை இடம் தர மறுத்ததால் இறந்தார் என்னும் கதை இன்றும் உலவுகிறது. அது உண்மையன்று. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைப் பிழைக்கவைக்க முயன்றனர். காயங்கள் கொடியனவாக இருந்தன. அக்காலத்தில் அவ்வாறு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கறுப்பினத்தவர் இருந்தமையால்தான் அக்கதையை மக்கள் எளிதில் நம்பினர். அப்போது அவருக்கு வயது 45. மனைவி லெனோரும் நான்கு குழந்தைகளும் எஞ்சினர்.

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 1951இல், அவர் மறைந்தபின், அவரை உறுப்பினராக ஏற்றது. இரத்தப் புட்டிகளில் இனத்தைக் குறிக்கும் வழக்கத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் அவர் இறந்த 1950ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. லூசியானா மாநிலத்துச் சட்டத்திலிருந்து அது நீங்க 1972 வரை ஆயிற்று.