கேம்பிரிட்ஜுக்குப் போவதா? கணித மேதை இராமானுஜன் வாழ்வில் ஓர் ஆண்டு

உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டமொன்றிலே அது சாதாரண செய்தியன்று. மாலைக்குள் லயம் முழுவதும் அறிந்துவிடும். இடம் பேராதனை என்றால் பஸ் ஏறிப் போய்வரலாம் என்று மனம் ஆறும். யாழ்ப்பாணமோ வந்தாறுமூலையோ என்றால் வேறு பேச்சு எழும். பணத்துக்கு என்ன வழி, தங்குவது எங்கே, சாப்பாடு எப்படி, பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று தாத்தா முதல் பக்கத்து வீட்டார் வரை ஆளுக்கொரு தீர்ப்புக் கூறுவர். கடிதத்துக்கு உரிய பிள்ளையோ ஒரு மூலையில் பேசாமல் நின்றுகொண்டிருக்கும்.

அவ்விதம் மூலையிலே நின்ற ஓர் இளைஞரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன். உலகம் போற்றும் கணித மேதை. கேம்பிரிட்ஜிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தபோது முதலில் வரமுடியாது என்ற பதிலே போயிற்று என்பதைச் சிலர் அறிவர். அந்தப் பதிலைச் சொன்னவர் அவர் அல்லர் என்பதை அறிந்தோர் இன்னும் சிலரே.

1887 டிசம்பர் 22 ஆந் தேதி ஈரோட்டிலே, தாய்வழிப் பாட்டியின் வீட்டில் அவர் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடிச் சிறு வருவாய் பெற்றவர். வீட்டின் ஆணிவேரும் அவரே. பள்ளியிலே முதல்வனாக விளங்கிய பையன் கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர வேறெதையும் தொட மறுத்தான். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் ஆங்கிலத்திலே தவறிப் புலமைப்பரிசிலை இழந்தான். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் சித்தியடையவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. நம்மூரிலே இப்படிப்பட்ட பிள்ளையை என்ன சொல்லுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். 1909 இல் பத்து வயதுச் சிறுமியான ஜானகியை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். வேலை தேடி அலைந்து, 1912 மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்திலே மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார்.

அங்கிருந்துதான் 1913 ஜனவரி 16 இல் கேம்பிரிட்ஜ் டிரினிற்றிக் கல்லூரிக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த தேற்றங்களை நிரூபணம் காட்டாமலே பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தார். ஹார்டி முதலில் யாரோ ஏமாற்றுகிறார்களோ என ஐயுற்றார். அன்று இரவே சக அறிஞர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தபின், எழுதியவர் ஒரு பெருமேதை என்ற முடிவுக்கு வந்தார். உடனே அவரை வரவழைக்கும் முயற்சியும் தொடங்கிற்று.

இனித்தான் நாம் சற்று நின்று பார்க்கவேண்டிய இடம். இங்கிலாந்துக்கு மாணவர்களை அனுப்பும் காரியங்களைச் சென்னையிலே கவனித்துவந்த அதிகாரி இராமானுஜனை அழைத்து, கேம்பிரிட்ஜுக்குப் போவீரா என்று வினவினார். அருகில் அவருடைய மேலதிகாரியும் இருந்தார். கடல் கடத்தலை ஆசாரக் குறைவாகக் கருதிய அம்மனிதர், இராமானுஜன் வாய் திறக்குமுன்பே, இவர் வரமாட்டார் என்று பதில் கூறிவிட்டார். விஷயம் அத்துடன் முடிந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1914 ஜனவரியில், இராமானுஜன் தாமே ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இந்த உண்மையைத் தெரிவித்தார்.

அந்த மேலதிகாரியைக் குறை கூறுவது எளிது. அவர் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. அக்காலத்திலே கடல் கடந்த வைதிகப் பிராமணன் சாதி விலக்குக்கு ஆளாவான். திரும்பி வந்தால் உறவினர் வீட்டுப் பந்தியில் இடமில்லை, வீட்டுச் சடங்குக்குப் புரோகிதர் வரமாட்டார். இவற்றையெல்லாம் அறிந்தவர் பிள்ளைக்கு நன்மை செய்கிறோம் என்றே எண்ணியிருப்பார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதே நமது ஆதங்கம்.

கேட்டிருந்தாலும் இராமானுஜன் அன்று சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். தாயார் விரும்பவில்லை. அவருக்கும் பல பயங்கள் இருந்தன. தமது ஆங்கிலம் போதுமா? அங்கேயும் பரீட்சை எழுதச் சொல்லுவார்களா? இரண்டு கல்லூரிகளில் தோற்றவருக்கு இந்தப் பயம் சிறிதன்று. மரக்கறி உணவு கிடைக்குமா? இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கிற்று. துறைமுக வேலையை விட்டு நாள் முழுவதும் கணக்கிலே ஆழ்ந்தார்.

1914 இன் தொடக்கத்தில் நெவில் என்ற இளம் கணித அறிஞர் விரிவுரை நிகழ்த்தக் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்தார். இராமானுஜனை எப்படியாவது இணங்க வைக்குமாறு ஹார்டி அவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். நெவில் தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தார். இணங்க வைக்க வேண்டிய அவசியமே நேரவில்லை; இராமானுஜன் ஏற்கெனவே மனம் மாறியிருந்தார், வீட்டு எதிர்ப்பும் நீங்கியிருந்தது. அது எப்படி நீங்கியது? ஐரோப்பியர் சூழ்ந்த மண்டபத்திலே மகன் வீற்றிருப்பதாகத் தாயார் கனவு கண்டார் என்றும், குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் மகனைத் தடுக்கவேண்டாமெனக் கட்டளையிட்டார் என்றும் கூறுவர். கனவு எதுவாயினும் ஆகுக, தாய் மனம் இளகாமல் அந்த மகன் கப்பலேறியிருக்கமாட்டார் என்பது உறுதி.

பணக் காரியத்தை நெவிலும் சென்னை நண்பர்களும் விரைந்து முடித்தார்கள். பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண் புலமைப்பரிசிலும் பிரயாணச் செலவும் தந்தது. அதில் 50 பவுண் வீட்டாருக்குப் போய்ச்சேர ஏற்பாடாயிற்று. டிரினிற்றிக் கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண் சேர்த்தது. வீட்டிலே அடுப்பு எரியுமா என்ற கவலையின்றிப் பிள்ளை படிக்கப் போகலாம் என்ற நிலை உண்டானது. குடுமி களையப்பட்டது. அதையும் ஐரோப்பிய உடையையும் கண்டு வருந்தாதிருக்கும்படி, தாயையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1914 மார்ச் 17 இல் கப்பல் புறப்பட்டது. ஜானகிக்குப் பதினைந்து வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

வாசகர்களே, போகலாமா கூடாதா என்று ஓராண்டு ஆலோசித்தார்கள். போனபின் எப்படி வாழ்வார் என்று ஆலோசித்தவர் மிகச் சிலர். கேம்பிரிட்ஜின் முதற் குளிர்காலத்தில் வங்காள மாணவர் மகலனோபிஸ், இரவில் குளிர் பொறுக்க முடிகிறதா என்று அவரிடம் விசாரித்தார். மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்தியே படுப்பதாக இராமானுஜன் சொன்னார். அறைக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் மெத்தையின் அடியிலே மடித்துச் செருகி அழகாக விரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அவற்றின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்! பெரிய தேற்றங்களைப் பற்றிப் பேச அங்கே அறிஞர்கள் இருந்தார்கள். கம்பளியைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. மரக்கறிக்குத் தட்டுப்பாடு. கல்லூரி உணவை அவர் தொடமாட்டார். தாமே சமைப்பார், கணக்கிலே மூழ்கினால் நேரத்துக்கு அதுவுமில்லை. ஊரிலிருந்து பொட்டலங்கள் வந்தன, கடிதங்கள் குறைந்தன. ஜானகி எழுதிய கடிதங்கள் மாமியார் கையைத் தாண்டவில்லை. இங்கே மருமகளும் அங்கே மகனும் ஒருவரை ஒருவர் மறந்துவிட்டதாக எண்ணி வருந்தினர். 1917 இல் நோயில் விழுந்தார். காசநோய் என்று வைத்தியர்கள் சுகவாச மனைகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பினர். அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்றும், கண்டறிந்திருந்தால் அன்றைய வைத்தியத்துக்கே கட்டுப்பட்டிருக்கும் என்றும் 1994 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது.

பெற்ற பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1916 இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. 1918 இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு ஒக்டோபரில் டிரினிற்றிக் கல்லூரியின் பெல்லோவாகத் தெரிவு பெற்றார்; இந்தியர் எவருக்கும் அதற்குமுன் கிட்டாத இடம் அது. ஹார்டியுடன் சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சிகள் இன்றும் கணித உலகிலே பயிலப்படுகின்றன. போகாமல் இருந்திருந்தால் நீண்டகாலம் வாழ்ந்திருப்பாரா? இருக்கலாம். ஆனால் அந்தத் தேற்றங்களின் ஒரு பகுதியேனும் சென்னை அறையொன்றில் கரையானுக்கு இரையாகியிருக்கும். போனது சரியே என்பதுதான் நமது எண்ணம். துணையில்லாமல் விட்டதுதான் பிழை.

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மீண்டும் வருடத்துக்கு 250 பவுண் அறிவித்தபோது, 1919 ஜனவரியில் நோயாளியாக இருந்தபடியே அவர் நன்றிக் கடிதம் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுண் கொடுத்து, தமது அவசியச் செலவும் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு அதிலே கேட்டுக்கொண்டார். கல்லூரிப் புலமைப்பரிசிலைப் பறிகொடுத்தவரின் வேண்டுகோள் அது.

1919 மார்ச் மாதம் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கினார். தாயும் தம்பியும் காத்திருந்தார்கள். அவர் முதலில் கேட்டது, ஜானகி எங்கே என்பதுதான். பின்னர் ஜானகி வந்து சேர்ந்து, கடைசி நாள் வரை அருகிலிருந்து பணிவிடை செய்தார். படுக்கையிலும் இராமானுஜன் கணக்கை விடவில்லை. அந்த நாட்களில் எழுதிய தாள்கள் 1976 இல் டிரினிற்றி நூலகத்திலே மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. 1920 ஏப்ரல் 26 ஆந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் தமது 32 ஆவது வயதில் உயிர்நீத்தார். கடல் கடந்தவரின் ஈமச் சடங்கு என்று வைதிக உறவினர் பலர் வரவில்லை.

ஜானகி அம்மாள் பிற்காலத்தில் தையல் தைத்துப் பிழைத்தார். தாயை இழந்த சிறுவன் ஒருவனை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். 1994 வரை அவர் சென்னையிலே வாழ்ந்திருந்தார்.